அமாவாசை மாடும் உட்கார்ந்து பண்ற வேலையும்

அப்பாவிடம் நான் சொன்ன பெரிய பொய் என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். ஐந்து மாதம் அதைச் சேதாரமில்லாமல் காப்பாற்றி வந்தேன். கடைசியில் அதைப் போட்டு உடைத்தது ஒரு செவலைப் பசு. மனிதர்கள் யாராவது காட்டிக் கொடுத்திருந்தால் ஒரு பாடு சண்டை போட்டு மனசை ஆற்றியிருப்பேன். மாட்டிடம் போய் என்ன கேட்பது?

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம். எனக்கு இருபத்திரண்டு வயது. பி.ஏ. பிரெஞ்சு முடித்திருந்தேன். புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் எங்கள் வீடு. அப்பா இருபத்து மூன்று வருஷம் மில்லில் தறிக்கு முன்னால் நின்றவர். மில்லில் ஆள் குறைத்தபோது வெளியே வந்து, டவுனில் ஒரு பாத்திரக்கடையில் விற்பனையாளராகச் சேர்ந்தார். அங்கேயும் நிற்கிற வேலைதான். கடையில் இருந்த ஒரே நாற்காலியில் முதலாளி உட்கார்ந்திருப்பார். அவர் இல்லாத நேரத்தில் முதலாளியின் துண்டு உட்கார்ந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஒரு பச்சை பக்கெட்டில் வெந்நீர் ஊற்றி, கல்லுப்பு போட்டு, இரண்டு காலையும் உள்ளே விட்டுக்கொள்வார். கெண்டைக்காலில் நரம்பெல்லாம் சுருட்டிக்கொண்டு நிற்கும். அப்போது அவர் எனக்குச் சொல்லும் புத்திமதி ஒன்றுதான்.

"நீயாச்சும் உக்காந்து வேல பாக்கணும் கோமு."

எனக்குக் கிடைத்ததோ சுற்றுலாப் பயணிகளைத் தெருத்தெருவாக அழைத்துப் போய்க் கதை சொல்லும் கைடு வேலை. ஒரு நாளைக்கு எட்டு கிலோமீட்டர் நடை. இதை எந்த வாயால் சொல்வது?

"இன்னா வேலம்மா?" என்றார் அப்பா.

"பிரெஞ்சு ஆபீஸ்ப்பா. கம்ப்யூட்டர்ல டைப் பண்ணணும்."

"உக்காந்து பண்ற வேலையா?"

"உக்காந்து பண்ற வேலதாம்ப்பா."

அந்த நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மறுநாளே தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. அதற்கு மறுநாள் இலவம்பஞ்சு வைத்துத் தைத்த ஒரு சின்ன மெத்தையை வாங்கிக்கொண்டு வந்தார். பூப்போட்ட ஊதா உறை. "நாள் பூரா நாற்காலில உக்காந்தா சூடு புடிச்சுக்கும். இத போட்டு உக்காரு" என்றார். அந்த மெத்தையைத் தினமும் பையில் திணித்துக்கொண்டு புதுச்சேரி முழுக்க நடந்தேன். (சாயங்காலம் வந்ததும் மெத்தை அமுங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். அதற்காகத் தெருமுனையில் நின்று நாலு குத்து குத்திவிட்டு வருவேன்.) கால் வலித்தால் குளிக்கிற சாக்கில் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வெந்நீரில் நிற்பேன்.

என் முதலாளி முசியே அந்துவான். (பிரெஞ்சில் முசியே என்றால் ஐயா.) பரம்பரைப் புதுச்சேரித் தமிழர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்தவர். கஞ்சி போட்ட சட்டை, வெள்ளை மீசை. வீட்டு முன்னறையைத்தான் ஆபீஸாக வைத்திருந்தார். அவருக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. ஒன்று, இல்லாத கதையைச் சொல்லக் கூடாது. இரண்டு, கைடு கையில் சின்ன மஞ்சள் கொடி இருக்கும். கொடி எங்கே போகிறதோ அங்கே விருந்தாளிகள் போக வேண்டும். இதை ஒவ்வொரு நடைக்கு முன்னாலும் பிரெஞ்சில் ராணுவ உத்தரவு மாதிரி சொல்லி அனுப்புவார்.

டிசம்பர் முதல் வாரம் என்னைக் கூப்பிட்டார். எதை ஆரம்பித்தாலும் 'அலோர்' என்பார், நம் 'சரி, அப்போ' மாதிரி.

"அலோர், கோமதி. வர்றவங்களுக்கு மஞ்சச் சுவரும் வெள்ளச் சுவரும் பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு. கிறிஸ்துமஸுக்குப் பேய்க்கத நடை ஒண்ணு வைக்கலாம்."

"கிறிஸ்துமஸுக்குப் பேயா முசியே?"

"பின்ன? குளிர்காலத்துல அந்த ஊர்ல வேற இன்னா வேல? நெருப்பச் சுத்தி உக்காந்து பேய்க்கதைதான்."

பிரான்ஸில் ராணுவத்தில் இருந்தபோது கிராமத்துக்காரர்களிடம் கேட்ட மூன்று கதைகளை எனக்குச் சொல்லிக் கொடுத்தார். நடை நன்றாக அமைந்தால் ஜனவரியிலிருந்து வேலை நிரந்தரம் என்றும் சொன்னார். நான் அன்று இரவே திட்டம் போட்டுவிட்டேன். வேலை நிரந்தரமானதும் அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது. எங்கள் வீட்டில் நிரந்தரம் என்ற வார்த்தைக்கு முன்னால் எந்தக் குற்றமும் நிற்காது. நிரந்தரமாகவில்லை என்றால் பேங்க் பரீட்சைக்குக் கோச்சிங். அப்பா அதற்கு விண்ணப்பமே வாங்கி வைத்திருந்தார்.

நல்ல இருட்டான தேதியாகப் பார்க்கும் பொறுப்பு என்னுடையது. காலண்டரைப் பார்த்தேன். கிறிஸ்துமஸுக்கு நாலைந்து நாள் முன்னால் கறுப்பு வட்டம் போட்டிருந்தது. அமாவாசை. நிலா இருக்காது, பேய்க்கதைக்கு இதைவிட என்ன வேண்டும் என்று என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அமாவாசை சாயங்காலம் ஊரில் கடைக்காரர்கள் எல்லாரும் என்ன செய்வார்கள் என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். பாத்திரக்கடையில் வேலை பார்க்கிறவரின் மகள் நான். யோசிக்கவில்லை. ஆனால் வழியை மட்டும் ஜாக்கிரதையாகப் போட்டேன். அப்பா கடைத் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளியே முடிகிற மாதிரி.

மூன்றாவது கதை, கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி மாடுகள் மனித பாஷை பேசும் என்பது. இதற்கு ஒரு நிஜ மாடு இருந்தால் எப்படியிருக்கும் என்று தோன்றியது. (முசியே கேட்கவில்லை. நானாகத்தான்.) வெள்ளைக்காரத் தெருக்களையும் தமிழர் தெருக்களையும் பிரிக்கிற பெரிய வாய்க்காலைத் தாண்டி முதல் தெருவில் அஞ்சலை அக்கா செவலைப் பசு ஒன்று வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் போய்க் கேட்டேன்.

"அன்னிக்கு அது ஒரு எடத்துல நிக்காதும்மா" என்றார் அக்கா.

"ஏங்க்கா?"

"அமாவாசையாச்சே!"

எனக்குப் புல்லரித்துவிட்டது. அமாவாசையில் நிலைகொள்ளாத மாடு! இதற்கு மேல் கேள்வி கேட்டால் மர்மம் கெட்டுவிடும் என்று, மாட்டுக்குச் சம்மதம் மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மேற்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் பதினொரு பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். எல்லாரும் ஐம்பது வயதுக்கு மேல். வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு மதாம், ரிட்டையர் ஆன பள்ளிக்கூட டீச்சர், நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே நோட்டுப் புத்தகத்தைத் திறந்துவிட்டார். நான் வெள்ளைச் சுடிதார் போட்டிருந்தேன். பேய்க்கதைக்குப் பொருத்தமாக இருக்குமாம். (யார் சொன்னது? நான்தான்.)

முதல் கதை கடற்கரைப் பக்கம் ஒரு பழைய வீட்டு வாசலில். பரிசு கொடுக்க வரும் பெரியவருக்குப் பின்னாலேயே, சொன்ன பேச்சு கேட்காத குழந்தைகளைத் தேடி ஒரு சாட்டைக்காரன் வருவான் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன். அது அவர்கள் ஊர்க் கதை. மாமா வீட்டுக் கதையைக் கேட்பது போலப் புன்னகையோடு கேட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஏதோ ஒரு மாதா கோயில் பங்கின் கிறிஸ்துமஸ் கீதக் குழு, டிரம்மும் கிறிஸ்துமஸ் தாத்தாவுமாகத் தெருவுக்குள் திரும்பியது. நம் ஊர் கிறிஸ்துமஸ் தாத்தாவின் முகமூடி தெரியுமில்லையா? ரோஸ் கலர் பிளாஸ்டிக், ஓட்டைக் கண், சிரித்தபடியே உறைந்த வாய். அது குத்தாட்டம் போட்டுக்கொண்டே வந்து விருந்தாளி ஒருவரின் கையில் ஆரஞ்சு மிட்டாயைத் திணித்தது. மனிதர் இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார். என் சாட்டைக்காரனுக்கு வராத பயம்.

இரண்டாவது கதை மாதா கோயில் மதில் ஓரம். ஒருவருக்காகப் பூசை வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, வைக்காமலே செத்துப்போன சாமியார் ஒருவர். வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் ராத்திரி ஆளில்லாத கோயிலில் மெழுகுவத்தி ஏற்றி நிற்பார். பூசையில் பதில் ஜெபம் சொல்ல உயிரோடு ஒருவர் கிடைக்கும்வரை அவருக்கு விடுதலை இல்லை. "யாராவது இருக்கிறீர்களா?" என்று அவர் கேட்பதாகச் சொல்லி நிறுத்தினேன். அந்த நொடியில் கரண்டு போனது. பதினொரு பேரும் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். மின்துறைக்கு நான் மனமார நன்றி சொன்ன ஒரே நாள் அதுதான். ஜனவரி மாதம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது.

வாய்க்காலைத் தாண்டினோம். கரண்டு வந்துவிட்டது. அஞ்சலை அக்கா மாட்டைக் கம்பத்திலிருந்து அவிழ்த்துக் கயிற்றை என் கையில் கொடுத்தார்.

"எனக்குப் பால் ஊத்தப் போவணும். கெட்டியா புடிச்சுக்கோ, வுட்டுடாத. போச்சுன்னா ஒரு சுத்து சுத்திட்டுத்தான் வரும்."

கெட்டியாகப் பிடிப்பது என்றால் எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டேன். இன்னொரு கையில் மஞ்சள் கொடி. தோளில் மெத்தைப் பை. கதையை ஆரம்பித்தேன்.

ஒரு பண்ணைக்காரன். மாடுகள் என்ன பேசுகின்றன என்று கேட்க ஆசைப்பட்டு, கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி வைக்கோலுக்குள் ஒளிந்துகொண்டான். ஒரு மாடு இன்னொன்றைப் பார்த்துக் கேட்டது... இந்த இடத்தில் நான் செவலையின் பக்கம் திரும்பி, அதன் கண்ணைப் பார்த்து, சுத்தமான பிரெஞ்சில் கேட்டேன்: "நாளைக்கு நமக்கு என்ன வேலை?"

இதற்கு இன்னொரு மாடு சொல்ல வேண்டிய பதில், 'எஜமானைக் கல்லறைக்கு இழுத்துப் போகிற வேலை' என்பது. அதைச் சொல்ல எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. எங்கோ தெருக்கோடியில் படார் என்று ஒரு சத்தம். செவலை காதைத் தூக்கியது. "ம்ம்மா" என்று ஒரு குரல் கொடுத்தது. அவ்வளவுதான், கிளம்பிவிட்டது.

அமாவாசைக்கு மாடு ஏன் ஓரிடத்தில் நிற்காது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. கடைக்குக் கடை திருஷ்டிப் பூசணிக்காய் உடைப்பார்கள். செவலைக்கு அன்று மாதாந்திர விருந்து. விருந்துக்கு நேரமாகிவிட்டது, அதன் கயிற்றின் இன்னொரு முனையில் நான்.

முடிச்சு அவிழவில்லை. "ஐயோ, ஐயோ" என்று சுதந்திரமாக இருந்த கையை ஆட்டி உதவிக்கு அழைத்தேன். அந்தக் கையில்தான் கொடி இருந்தது. கொடி எங்கே போகிறதோ அங்கே போக வேண்டும் என்று முசியே சொல்லி அனுப்பியிருந்தாரே! திரும்பிப் பார்த்தால் பதினொரு பேரும் ஓடி வருகிறார்கள். முன்னால் வெள்ளைத் தொப்பி மதாம், நோட்டோடு.

முதல் தெரு போனது. வழியில் மருந்துக்கடை வாசலில் ஒரு பூசணிக்காய் உடைந்து கிடந்தது. செவலை அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சைக்கிள் கடை வாசலிலும் ஒன்று. அதையும் பார்க்கவில்லை. இதற்கு எங்கேதான் போக வேண்டும் என்று நினைக்கும்போதே அது இடது பக்கம் திரும்பியது.  ஐந்து மாதமாக நான் எந்தத் தெருவில் காலே வைக்காமல் இருந்தேனோ அந்தத் தெரு.

பாத்திரக்கடை வாசலில் முதலாளியும் கடை ஆட்களும் தெருவைப் பார்த்து வரிசையாக நின்றிருந்தார்கள். அவர்களுக்கு எதிரே ஒருவர், உச்சியில் கற்பூரம் எரியும் பெரிய பூசணிக்காயை இரண்டு கையிலும் ஏந்தி, மூன்றாவது சுற்று சுற்றிக்கொண்டிருந்தார். அப்பா.

சுற்றி முடித்து உடைக்கத் தெருப்பக்கம் திரும்பினார். எதிரே ஒரு மாடு, அதன் பின்னால் கம்ப்யூட்டர் ஆபீஸில் உட்கார்ந்திருக்க வேண்டிய மகள், அவளுக்குப் பின்னால் பதினொரு வெள்ளைக்காரர்கள். அவர் பூசணிக்காயை உடைக்கவில்லை. அது தானாகக் கையிலிருந்து விழுந்தது. உள்ளே கரைத்து ஊற்றியிருந்த குங்குமமும் விதையும் தெருவெல்லாம் சிதற, செவலை சடாரென்று நின்றது. நான் நிற்கவில்லை. சறுக்கிக்கொண்டு போய் அப்பாவின் காலடியில் உட்கார்ந்தேன்.

பின்னாலிருந்து மதாம், "ரத்தம்! ரத்தம்!" என்று பிரெஞ்சில் அலறினார். வெள்ளைச் சுடிதார் முழுக்கச் சிவப்பு.

அப்பா அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். பாத்திரம் துடைக்கிற துணியால் என் முகத்தை, கையை, முட்டியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். 

"எங்கம்மா அடி? எங்க அடி பட்டுச்சு?"

"அடி இல்லப்பா. குங்குமம்."

ஒரு பெருமூச்சு விட்டார். அதன் பிறகுதான் நிதானமாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். மணிக்கட்டில் கயிறு. கையில் கொடி. பூசணிக்காய் தின்னும் மாடு. மூச்சிரைக்கும் வெள்ளைக்காரர்கள். கடைசியாக, பையிலிருந்து வெளியே விழுந்து தெருவில் கிடந்த ஊதா மெத்தை.

"இன்னாம்மா இது?"

"ஆபீஸ்ப்பா" என்றேன்.

"உக்காந்து பண்ற வேல?" என்றார். நான் அப்போது உட்கார்ந்துதான் இருந்தேன். அதைச் சொல்லும் தைரியம் வரவில்லை. கடை ஆட்களில் ஒருவர் எவர்சில்வர் குடத்துக்குப் பின்னால் போய்ச் சிரித்தார்.

அதற்குள் மதாம், இவர் யார், எரிகிற அந்தக் காய் என்ன என்று கேட்டார். அப்பா என்று சொன்னேன். பதினொரு பேரும் ஒரே குரலில் அவருக்கு வணக்கம் சொன்னார்கள். வேறு வழியில்லாமல் அப்பா திருஷ்டி கழிப்பதை விளக்க ஆரம்பித்தார். தெருவில் உட்கார்ந்தபடியே மொழிபெயர்த்தேன். ஊர்க் கண், உறவுக் கண், கொள்ளிக் கண் எல்லாம் இந்தக் காயோடு போய்விடும் என்றார். உடைத்த துண்டுகளை அப்படியே விட்டால் மாட்டுக்கு வயிறு கெடும் என்பதால், மாசாமாசம் தான் குங்குமத்தைக் கழுவி ஓரமாக வைப்பதாகவும் சொன்னார். செவலை மற்ற கடைகளை ஏன் மதிக்கவில்லை என்று தெரிந்தது.

"இது உண்மையிலேயே பலிக்குமா?" என்று மதாம் கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். "இன்னிக்கு வேல செய்யலன்னு சொல்லு" என்றார்.

விருந்தாளிகளை ஆட்டோக்களில் ஏற்றி ஆபீஸுக்கு அனுப்பிவிட்டு, அப்பாவின் மொபெட்டில் வீட்டுக்குப் போனோம். என்னைப் பார்த்ததும் அம்மா போட்ட கூச்சலைத் தனியாக எழுத வேண்டும். அப்பா உள்ளே போனார். அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. பச்சை பக்கெட்டைத் தூக்கி வந்து, உப்பைப் போட்டுக் கலக்கி, என் எதிரில் வைத்தார்.

"கால வையி."

வைத்தேன்.

"ஒரு நாளைக்கு எவ்ளோ தூரம்?"

"எட்டு கிலோமீட்டர்ப்பா."

"எத்தினி மாசம்?"

"அஞ்சு."

பக்கெட்டில் இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றினார். "அப்பவே சொல்லியிருந்தா ரெண்டு பக்கெட்டு வாங்கியிருப்பனே" என்றார்.

மறுநாள் ராஜினாமா கடிதத்தோடுதான் ஆபீஸுக்குப் போனேன். முசியே, விருந்தாளிகள் எழுதும் கருத்துப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார். இரண்டு செருப்புகள் காணவில்லை, ஒரு முழங்காலில் வீக்கம் என்று கணக்கு வாசித்தார். பிறகு மதாம் எழுதியதை வாசித்தார். சாட்டைக்காரன் கதையைத் தன் ஊரிலேயே இதைவிட நன்றாகச் சொல்வார்களாம். ஆனால் மாட்டுக்குப் பின்னால் ஓடி ஒரு குடும்பத்தைச் சந்தித்தது இந்தப் பயணத்திலேயே மறக்க முடியாத விஷயமாம்.

"அலோர்," என்றார் முசியே. "வேல நிரந்தரம். மாடு கெடையாது. அமாவாசைக்கு நீ வெளிய வரவே கூடாது."

அன்று எழுதி மாட்டிய பலகை இன்றும் அந்த ஆபீஸ் சுவரில் இருக்கிறது: அமாவாசை அன்று நடை கிடையாது. வருகிறவர்கள் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, அன்று என்ன நடக்கும் என்று கேட்பார்கள். நான் சிரித்து வைப்பேன். எங்களிடம் இருப்பதிலேயே அதிகம் பயமுறுத்தும் கதை அந்தப் பலகைதான்.

எங்கள் வீட்டில் யாராவது புளுகினால் இன்றைக்கும், "உக்காந்து பண்ற வேலையா?" என்றுதான் கேட்பார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளைக்குக் கோபமே வராது என்று அவர் அம்மா சொல்ல, அப்பா வாய் தவறி அதைக் கேட்டுவிட்டு, பிறகு அரை மணி நேரம் விளக்கம் சொன்னார். அப்பா இப்போது வேலைக்குப் போவதில்லை. வீட்டில் பச்சை பக்கெட் ஒன்று, சிவப்பு பக்கெட் ஒன்று. அமாவாசை வந்தால் எனக்கு லீவு. எங்கள் வீட்டு வாசலில் அப்பா ஒரு பூசணிக்காயைச் சுற்றி உடைத்துவிட்டு, கறை போகாத அந்த ஊதா மெத்தையைத் தட்டி நாற்காலியில் போடுவார்.

"வா கோமு, இன்னிக்கு ஒரு நாள்தான் உனக்கு உக்காந்து பண்ற வேல."